மத்தியானத்தில் தேறாத மோட்டார்கள்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தம் பதினெட்டுப் பேர் இருந்தோம். பதினான்கு பேர் பெண்கள். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். எண்பதுகளின் நடுவில் அந்தத் தெருவில் ஐந்தாறு கம்பெனிகள்தான். மற்றதெல்லாம் முள்வேலி போட்ட காலி மனை, ஆடு மேயும்.

நாங்கள் செய்தது ஸ்டெப்பர் மோட்டார். விசிறி மோட்டார் மாதிரி சுவிட்சைப் போட்டதும் சுற்றிக்கொண்டே இருக்காது. கரண்டு ஒரு முறை துடித்தால் ஓர் அடி நகரும், நிற்கும். இருநூறு அடி வைத்தால் ஒரு முழுச் சுற்று. பெங்களூரில் ஒரு கம்பெனி எங்களிடம் வாங்கியது. எதற்கு வாங்குகிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பிரிண்டரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பதால் அதில் கருத்து வேறுபாடு வரவில்லை.

நான் கம்பைநல்லூர்ப் பக்கம். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்ததால் என்னை டெஸ்டிங்கில் உட்கார வைத்தார்கள். ஒரு மோட்டாரில் ஆறு வயர் வெளியே வரும். உள்ளே எட்டு இரும்புப் பல்லில் சுற்றிய கம்பிகள் சேர்ந்து இரண்டு சுருள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, நடுவில் ஓர் இணைப்பு. முதலில் எந்த வயர் எந்தச் சுருளுடையது என்று பார்க்க வேண்டும். நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் வார்னிஷ் பட்டுச் சில மோட்டாரில் ஆறும் ஒரே பழுப்பாக வரும். அப்போது இரண்டு வயரின் முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் தண்டை விரலால் திருகிப் பார்ப்பேன். ஒரே சுருளின் முனைகள் என்றால் தண்டு முரண்டு பிடிக்கும். வேறு வேறு சுருள் என்றால் சும்மா சுற்றும். அது எனக்குப் பிடித்த வேலை.

பிறகு மெகர் என்ற சோதனைப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி, சுருளிலிருந்து மோட்டாரின் உடம்புக்குக் கரண்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும். முதல் மாதத்தில் நான்கு முறை தொட்டேன். கடைசியாக, கரண்டைத் துடிப்பாக அனுப்பும் டிரைவ் பெட்டியில் மாட்டி ஓட்டுவேன். எல்லாம் சரியாக இருந்தால் டக்டக்கென்று அடி வைத்துப் போகும். இரண்டு வயர் மாறியிருந்தால் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

நடுவில் இன்னொரு டெஸ்ட் உண்டு. மீட்டரின் ஒரு முனையை நடு வயரிலும் இன்னொன்றை ஓர வயரிலும் வைத்தால், சுருளின் தடை எத்தனை ஓம் என்று காட்டும். ஐந்து ஓம் இருக்க வேண்டும். 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது, 5.25-க்கு மேலே ஏறக் கூடாது. இந்த அளவுகளைப் போட்டுப் பெங்களூர் கம்பெனி கொடுத்த டிராயிங்கை, சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு என் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தார்கள்.

சுருள் சுற்றுவதற்கு மூன்று டேபிள். மூன்றிலும் பெண்கள்தான். ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே கையால் சுற்ற வேண்டும். முதல் டேபிள் அக்கா கன்னடத்தில் எண்ணுவார். இரண்டாம் டேபிள் அக்கா தெலுங்கு. மூன்றாம் டேபிளில் தமிழ். எண்ணும்போது கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள். ஒரு முறை இரண்டாம் டேபிள் அக்காவின் வீட்டுக்காரர் வந்து வாசலில் கால் மணி நேரம் நின்றார். அக்கா எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

மூன்றாம் டேபிள்காரியும் நானும் ஒரே அறையில் இருந்தோம். பழைய ஊருக்குள், ஒரு தெலுங்குக்கார அம்மா வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஒரு பம்ப் ஸ்டவ், இரண்டு பாய். அவள் ஊர் தொப்பூர். கணவாய்க்குக் கீழே அவள் அப்பா லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து பரோட்டா மாவு பிசைந்தவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். என்னைப் ‘புள்ள’ என்று கூப்பிடுவாள். நான் வா, போ என்றுதான் பேசுவேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்திக்குப் போதுமான அளவு பாத்திரம் வைத்திருந்தோம்.

தை மாதம் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லை. மாசி பிறந்ததும் அவள் சுற்றிய மோட்டார்கள் என் மேசையில் தவறத் தொடங்கின. 5.27 காட்டும். 5.29 காட்டும். இரண்டு தடவை வைத்துப் பார்ப்பேன், அதேதான். தவறிய மோட்டாரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பேன். முதல் வாரம் நாலு, அடுத்த வாரம் ஒன்பது. மற்ற இரண்டு டேபிளிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை.

புள்ளி வைத்த மோட்டாரைப் பிரித்து, சுருளை எடுத்துவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்ட சுருளைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். யார் சுற்றினாரோ அவரே அறுக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். திங்கட்கிழமை காலையில் அவள் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

எங்கள் சூப்பர்வைசர் சேலத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எத்தினி சுத்து சுத்துறம்மா?”

“சொன்ன கணக்குதான் சார்.”

“அப்ப ஏன் ஓம் கூட வருது?”

“தெரியல சார்.”

“எண்ணும்போது வேற நெனப்பு வருதா?”

“வர்றதில்ல சார்.”

அவர் ஒரு வாரம் யோசித்து, அவள் கம்பியைப் பலமாக இழுக்கிறாள், இழுத்த கம்பி மெலிகிறது, மெலிந்த கம்பியில் தடை கூடும் என்று கண்டுபிடித்தார். “பரோட்டா மாவு பெசஞ்ச கை. வேற எப்புடி இருக்கும்?” என்றார். நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். ஐ.டி.ஐ. படித்தவள் தலையாட்டியதில் அவருக்குத் திருப்தி.

அவளை மெதுவாகச் சுற்றச் சொன்னார்கள். மெதுவாகச் சுற்றினாள். சுருள் தளர்ந்து உப்பிக்கொண்டு, உள்ளே சுற்றுகிற ரோட்டாரை இறக்கவே முடியவில்லை. பழையபடியே சுற்றச் சொன்னார்கள்.

அறையில் நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“ஏ புள்ள, நெசமாவே கூட வருதா?”

“மீட்டர்ல வர்றதத்தான நான் எழுதறேன்.”

“நான் ஒண்ணு விடாம எண்றேன்.”

“ஒண்ணு ரெண்டு தப்பறது எல்லாருக்கும்தான்.”

அவள் அரிசியை உலையில் போட்டாள். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம் பதினொரு மோட்டாருக்குப் புள்ளி வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் பூசைக்குப் போய் வந்தபோது அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் துணி தனியாக வாளிக்கு வெளியே இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் பிளேயரை எடுக்கவில்லை. பதினொரு மோட்டாரையும் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி பாருங்க.”

அந்த ‘ங்க’தான் எனக்கு முதலில் கேட்டது. ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர்கள்கூட.

நான் முதல் மோட்டாரை எடுத்து மீட்டரை வைத்தேன். 4.88. இரண்டாவது 4.86. பதினொன்றும் ஐந்துக்குக் கீழே, தாராளமாகத் தேறின. ஒவ்வொரு எண்ணையும் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

“ரூம்ல ஏதாச்சும் பிரச்சனையா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“சனிக்கெழம தப்பா இருந்தது திங்கக்கெழம எப்புடி சரியாச்சு?”

“தெரியல சார்.”

“மோட்டாரு ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். டெஸ்டிங்கைச் சூப்பர்வைசரே பார்த்தார். அவருக்கு மத்தியானத்தில் கம்பி வாங்க, பேங்குக்குப் போக என்று வெளி வேலை இருக்கும். அதனால் மூன்றாம் டேபிள் மோட்டார்களை மறுநாள் காலையில்தான் பார்ப்பார். எல்லாம் தேறின. ஒரு நாள்கூட ஒன்றுகூடத் தவறவில்லை. நான் வேண்டுமென்றே தள்ளினேன் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கே சில நேரம் சந்தேகம் வந்தது. அவள் மேல் எனக்கு ஏதாவது பொறாமை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு என்னைவிட நீளமான முடி. அதற்காக யாரும் மோட்டாரைத் தள்ளமாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

அறையில் அவள் எனக்கும் சேர்த்தே சமைத்தாள். சாப்பிடச் சொல்லமாட்டாள், மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். பஸ்ஸுக்கு முன்னால் போவாள், நான் பத்தடி பின்னால் போவேன். ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம்.

பேக்கிங்கில் மோட்டாரைத் துடைத்து, வயரைச் சுருட்டிக் கட்டி, தெர்மோகோலில் உட்கார வைத்து அட்டைப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு வாரம் அதைச் செய்தேன். ஒரு மத்தியானம், டெஸ்ட் ஆகாத மூன்றாம் டேபிள் மோட்டார் ஒரு தட்டை யாரோ தவறுதலாக என் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். துடைக்க எடுத்தேன். கையில் கதகதவென்று இருந்தது. கோழி அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி. காலையில் நான் பெட்டியில் போட்டதெல்லாம் சில்லென்றுதான் இருந்தன.

எங்கள் வார்னிஷ் அடுப்பு சின்னது. இரண்டு டேபிளின் சுருள்கள்தான் கொள்ளும். முதல் இரண்டு டேபிளும் சாயங்காலம் உள்ளே போய், ராத்திரி முழுக்க ஆறி, காலையில் டெஸ்டுக்கு வரும். மூன்றாம் டேபிள் காலையில் உள்ளே போய், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு அரை ஆறலில் என்னிடம் வரும். மாசிக்கு மேல் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மூன்று மணிக்கு எதுவும் ஆறாது. செம்பு சூடானால் அதன் தடை கூடும். இதை நான் ஐ.டி.ஐ. பரீட்சையில் படத்தோடு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் பேங்குக்குப் போயிருந்தார். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் மீட்டரில் வைத்தேன். 5.28. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, மண்பானை வைத்திருந்த ஈர மணலுக்குள் புதைத்தேன். டீ நேரம் வரைக்கும் காத்திருந்தேன்.

நான் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீர் குடிக்க வந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

அவள் என்னிடம் பேசிப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

“வா, காட்டறேன்.”

அவள் பின்னால் வந்தாள். மீட்டரில் வைத்தேன். 4.96. அவளுக்கு முன்னாலேயே அதைக் கைக்குள் பொத்தி, பிறகு ஜன்னலில் வெயில் படும் இடத்தில் கால் மணி நேரம் வைத்து, அங்கேயே மீட்டரைத் திரும்ப வைத்தேன். 5.17. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கடைசி எண் ஏறிக்கொண்டிருந்தது.

“உன் கையில ஒண்ணுமில்ல,” என்றேன். “சூடுதான். உன்னுது மட்டும் மத்தியானத்துல வருது, அதான்.”

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் அறுத்துப் போட்டதெல்லாம்?”

“நல்ல மோட்டாருதான்.”

“எத்தினின்னு தெரியுமா?”

“பதிமூணு.”

“பதிமூணு மோட்டாரு. ஒவ்வொண்ணுலயும் எட்டுப் பல்லு. நூத்தி நாலு சுருளு.”

அவள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“சார் வரட்டும், சொல்லலாம்,” என்றாள்.

சார் வந்ததும் சொன்னோம். சூப்பர்வைசர் நம்பவில்லை. செம்பு செம்புதான், காலையில் ஒரு செம்பு மத்தியானத்தில் ஒரு செம்பு கிடையாது என்றார். மணலில் புதைத்ததைச் சொன்னதும் மோட்டாரை ஏன் மணலில் புதைத்தேன் என்று கோபப்பட்டார். நான் மீட்டரில் வைத்துக் காட்டினேன். மீட்டர் கெட்டிருக்கலாம் என்றார்.

“பெங்களூர்க்காரங்க எந்தச் சூட்டுல பாக்கணும்னு எழுதியிருப்பாங்க சார்,” என்றேன். “டிராயிங்ல இருக்கணும்.”

“டிராயிங்கு உன் எதுர்லதான தொங்குது. தெனமும் பாத்தியே, இருக்குதா?”

இல்லை. நான் அதை ஒரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றிவிட்டாள். மேசையில் குப்புறப் போட்டு, சுருள் அறுக்கும் அதே பிளேயரால் பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆறு ஆணி. சூப்பர்வைசர் தடுக்கவில்லை. அவள் கையைப் பற்றி அவரே ஒரு கருத்து வைத்திருந்தார்.

தாளை வெளியே எடுத்தபோது, சட்டத்தின் மரம் மறைத்திருந்த ஒரு விரல் அகலத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எல்லா அளவுகளும் 25 டிகிரி சென்டிகிரேடில் எடுக்கப்பட வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

“சட்டம் போட்டவன் சரியாப் போடல,” என்றார்.

மறுநாள் என்னைத் திரும்ப டெஸ்டிங்கில் உட்கார வைத்தார்கள். மத்தியான மோட்டாரை மறுநாள் காலையில்தான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெங்களூரில் அவசரம் என்றால் உடனே பார்க்க வேண்டியிருக்குமே என்று கேட்டதற்கு, சூப்பர்வைசர் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது, ஜுரம் பார்ப்பது. காலையில் அது ஒன்றும் காட்டாது. மத்தியானத்தில் ஏறினால் உதறும் வரைக்கும் இறங்காது. நான்கு நாள் ஷெட்டுக்கு ஜுரம் பார்த்தோம். பிறகு இரண்டாம் டேபிள் அக்கா, தன் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிற அறையில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். புழு கூடு கட்டி முடித்துவிட்டது, அடுத்த முட்டை வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் வரலாம் என்று நான் கணக்குப் போட்டு ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். சட்டம் போடவில்லை.

அது தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதையும் சொன்னேன். ஒருத்தி செய்த பதிமூன்று மோட்டாரை வீணாக்கிவிட்டேன், அவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொன்னேன் என்றேன். சாமியார் கேட்டார்.

“வேணும்னே செஞ்சியாம்மா?”

“இல்ல சாமி. மீட்டர்ல அப்புடித்தான் வந்துச்சு.”

“அப்ப அது பாவமில்ல. வேற?”

வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஜெபம் கொடுத்திருந்தால் செய்துவிட்டு முடிந்தது என்று இருந்திருக்கலாம்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருக்கமாட்டேன். அந்த ஷெட்டில் அப்படியெல்லாம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சூப்பர்வைசர் என்னிடமும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் ஸ்டவ்வின் துளை அடைத்துக்கொண்டபோது, “ஏ புள்ள, அந்த ஊசி எங்க?” என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து பேசினோம். ஆனால் என் மேசைக்கு அவள் மோட்டார் வரும்போதெல்லாம், எண்ணிக்கொண்டிருந்தாலும், ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அதற்கு முன் அவள் எண்ணும்போது எதற்கும் தலையைத் தூக்கியதில்லை. நான் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அதியமான்கோட்டையில் ரோட்டோரம் டயர் கடை. கல்யாணம் தொப்பூரில், அவள் அப்பா கடைக்குப் பின்னால் பந்தல் போட்டு நடந்தது. சூப்பர்வைசர் முதற்கொண்டு எல்லாரும் ஒரு வேனில் போனோம். நான் முன்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் என்னைக் காட்டி, இது யார் என்று அவளிடம் கேட்டார்.

“கூட வேலை செஞ்சவ. ஒரே ரூம்லதான் இருந்தோம்,” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “என் மோட்டாரெல்லாம் ஓடலைன்னு தள்ளிவிட்டவ,” என்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மாலை கனமாக இருந்தது, அதைச் சரிசெய்துகொண்டாள்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். என்னை ஏதோ கிணற்றுத் தகராறுக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். பந்தி முடியும் வரை என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்.